கூனியும் அதன் குலமும்

மும்பை மீன் அங்காடிகளில் ‘ஜவளா’ என்ற பெயரோடு கூறு கட்டி விற்கப்படும் பொடி இறாலை நம் குடும்பத்தார் பலரும் நன்கறிவர். சென்னையிலும் கடலூர்ப் பக்கத்திலும் சென்னாக்கூனி என்று வழங்கப்படுவது இதன் நெருங்கிய உறவேயாகும். காய்ந்த கூனியை மண் போகப் புடைத்து, வெறுஞ்சட்டியில் வறுத்து, கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பது நம் தாய்மார் ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பழக்கம். இந்நகரின் பழங்குடி மீனவரான கோலியர் அதையே வெங்காயத்தோடு வதக்கி ரொட்டியோடு உண்கின்றனர். பக்குவம் வேறு, பெயர் வேறு, குலம் ஒன்று. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கோ ஜவளா தெரிகிறது. கூனி என்றால் தெரிவதில்லை. இரண்டு பெயரும் தெரிந்த பெரியவர்களுக்கும், அச்சிற்றுயிர் கடலில் எங்ஙனம் வாழ்கிறது, அதனோடு சேர்ந்து வாழும் உறவினங்கள் எவை, அவற்றை நம்பி எவையெல்லாம் பிழைக்கின்றன என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

கடற்கரை நகரில் குடியிருந்தும் கடலை அறியாதிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நம் கரையோர நீரில் வாழும் இச்சிற்றுயிர்களைப் பற்றி இக்கட்டுரையில் சிறிது சொல்ல முற்படுகிறோம். மீன் உண்ணாத இல்லத்தாரும் இதைத் தமக்கு வேண்டாததென ஒதுக்க வேண்டுவதில்லை. கரையில் நிற்கும் பூநாரையும், காற்றிலுள்ள கரியும்கூட இவற்றோடு தொடர்புடையன என்பதைப் போகப் போகக் காணலாம்.

ஓட்டுடலிகள்

நண்டு, இறால், சிங்கி இறால் ஆகியவற்றை ஒரே குடும்பத்தவை என்று எவரும் கண்டவுடன் சொல்லிவிடுவர். உடலின் மேல் ஓடு, கணுக்கணுவாக மடியும் கால்கள், தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் ஆகியவை இக்குலத்தின் அடையாளங்கள். அறிவியலார் இவற்றைக் கிரஸ்டேசியா என்பர். நாம் ஓட்டுடலிகள் எனலாம். ஓடு வளர்வதில்லை, உள்ளிருக்கும் உடல் வளர்கிறது. ஆதலால் பாம்பு சட்டை உரிப்பது போல இவை ஓட்டை உரித்துவிட்டுப் புதிய ஓட்டைப் பூணுகின்றன. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட ஓட்டுடலி இனங்கள் 60,000-க்கும் மேற்பட்டவை.

சந்தையில் நாம் காணும் நண்டும் இறாலும் அவற்றுள் சிறுபான்மையே. மிகப் பலவும் அரிசி மணியினும் சிறியன. பல ஊசி முனையளவேயாகும். கூனிகூட இக்கூட்டத்தில் ஒரு பெரிய ஆள்தான்! நம் மேற்குக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் கூனிக்கு 1830-ஆம் ஆண்டில் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ‘அசீட்டஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். இந்தியாவுக்கு உரியது என்பது அதன் பிற்பாதியின் பொருள். நன்கு வளர்ந்தாலும் அது 4 செண்டிமீட்டருக்கு மேல் நீள்வதில்லை. உயிரோடிருக்கையில் கண்ணாடி போல் உட்புறம் தெரிய நீந்தும். இறாலும் நண்டும் ‘பத்துக்காலிகள்’ எனப்படும் பிரிவைச் சேர்ந்தவை. கூனியும் அப்பிரிவில் வைக்கப்பட்டிருந்தாலும், கடைசி இரண்டு இணைக் கால்களை அது இழந்துவிட்டது. பெயரளவில் பத்துக்காலி, எண்ணிப் பார்த்தால் ஆறே நடைக்கால்கள்!

துடுப்புக்காலிகள்

கரையோரக் கடல்நீரை மெல்லிய பட்டுத்துணி வலையால் அரித்து, அரித்ததை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அங்கே துள்ளுகின்ற புள்ளிகளுள் பெரும்பான்மை ஒரே வகுப்பைச் சேர்ந்தவையாக இருக்கும். கிரேக்க மொழியில் துடுப்பு என்றும் கால் என்றும் பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து இவற்றுக்குக் கோப்பிபாடு என்று பெயர் வைத்தனர். துடுப்புக்காலி என்பது அதற்கு நேரான தமிழ். நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை. உடல் நீர்த்துளி போன்றது. நீண்ட உணர்கொம்புகள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். அவை வெறும் அலங்காரமல்ல. நெருங்கி வரும் மீன் குஞ்சு நீரில் எழுப்பும் மெல்லதிர்வைக் கொம்புகள் உணர்ந்த மாத்திரத்தில், துடுப்புக்காலி ஒரே தாவாகத் தாவி மறைகிறது. அத்தாவலின் வேகத்தைக் கணக்கிட்டால், நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் சில நூறு மடங்கு வரும்.

துடுப்புக்காலிகளில் 12,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாராகலானஸ், அகார்ஷியா முதலியவை நீரில் மிதந்து, டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளை வாயருகே இழுத்து உண்பவை. ஓய்த்தோனா என்பது இன்னும் சிறியது. அசையாமல் காத்திருந்து, அசையும் இரையைப் பாய்ந்து பிடிப்பது. ஹார்ப்பாக்டிகாய்டு என்னும் பிரிவில் பெரும்பாலானவை நீந்தி அலைவதில்லை; சேற்றிலும் மணல் மணிகளின் இடுக்கிலும் கடற்பாசியின் இழைகளிலும் ஊர்ந்து வாழ்கின்றன. மீனின் செவுளையும் தோலையும் பற்றிக்கொண்டு ஒட்டுண்ணியாக வாழ்பவையும் பல. லாபிடோசெரா போன்ற சில, கடலின் மேற்பரப்பிலேயே உலவுவதால் நீல நிறம் பூண்டிருக்கின்றன. சாப்பிரினா என்பதன் ஆணோ ஒரு நொடி நீலக்கல்லாய் ஒளிர்ந்து, மறுநொடி கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும். மீன் செதிலுக்கு வெள்ளிப் பளபளப்பைத் தரும் குவானின் என்ற பொருள் அதன் தோலில் அடுக்கடுக்கான தகடுகளாக அமைந்திருப்பதும், ஒளி படும் கோணம் மாறுவதுமே அந்த மாயத்துக்குக் காரணம்.

முட்டையிலிருந்து வெளிவரும் துடுப்புக்காலிக் குஞ்சு தாயைப் போலிராது. மூன்று இணை உறுப்புகளும் நடுவில் ஒற்றைக் கண்ணும் கொண்ட அப்பருவத்தை நாப்பிளியஸ் என்பர். நாப்பிளியஸ் பருவத்தில் ஆறு நிலைகள். அதன்பின் ஐந்து இளநிலைகள். அதற்குப் பிறகே முழு வளர்ச்சி. இத்தனை முறை சட்டையுரித்து முடிக்க வெப்பக் கடலில் இரண்டு மூன்று வாரங்களே போதுமானவை.

அண்டை வீட்டார்

துடுப்புக்காலிகளோடு அதே நீரில் குடியிருப்போர் பலர். ஆஸ்ட்ரகோடு என்பது சிப்பியைப் போல் இரண்டு ஓடுகளுக்குள் உடலை ஒடுக்கிக்கொள்வது. அவற்றுள் சிப்ரிடினா போன்றவை நீல ஒளியை நீரில் உமிழ வல்லவை. இரவில் கடலலை ஒளிர்வதற்குப் பெரும்பாலும் வேறு நுண்ணுயிர்களே காரணம் எனினும், சில சமயங்களில் இவையும் அதில் பங்கு கொள்கின்றன. நீர்த்தெள்ளு வகையில் ஏறக்குறைய எல்லாமே நன்னீரில் வாழ்பவை. பெனிலியா, எவாட்னே முதலிய மிகச் சிலவே கடலுக்கு வந்தவை. ஆணின் துணையின்றியே தாய் குஞ்சுகளைப் பெறுவதால், உணவு மிகுந்த காலத்தில் இவை திடீரெனப் பெருகிவிடும். காலம் கெட்டதும் தடித்த ஓடுடைய முட்டைகளைச் சேற்றில் விட்டு மறையும். நற்காலம் வந்ததும் அம்முட்டைகள் பொரிக்கும்.

லூசிஃபர் என்று பெயர் பெற்ற ஓர் இறால் உண்டு. நூல் போல் மெலிந்து, பக்கவாட்டில் தட்டையாய், முற்றிலும் கண்ணாடி போன்றது. நீண்ட காம்பின் நுனியில் இரண்டு கண்கள் இல்லாவிடில் அது அங்கே இருப்பதே தெரியாது. மைசிடு என்னும் பொடி இறாலில் தாய் தன் வயிற்றின் கீழுள்ள பையில் குஞ்சுகளைச் சுமந்து திரிகிறது. ஆம்ஃபிபாடுகள் பக்கவாட்டில் நசுங்கியவை. கரையில் ஒதுங்கிய பாசியைப் புரட்டினால் தத்திப் பாய்பவை இவ்வகையினவே. ஐசோபாடுகள் மேலிருந்து அழுத்தியது போல் தட்டையானவை. கரைப் பாறைகளில் கரப்பானைப் போல் ஓடி ஒளிவதும், மரப்படகையும் துறைமுகக் கட்டைகளையும் துளைத்துக் கெடுப்பதும் இவற்றில் அடங்கும்.

இவையன்றி, பெரிதாக வளரப் போகின்றவற்றின் குழந்தைப் பருவமும் இக்கூட்டத்திலேயே கழிகிறது. விலை உயர்ந்த வெள்ளை இறாலும் ஒரு காலத்தில் ஊசி முனையளவான நாப்பிளியஸாக இருந்ததுதான். கடலில் பிறந்து, பல உருவங்கள் மாறி, பின்பு கழிமுகத்துக்குள் புகுந்து வளர்கிறது. பாறையிலும் கப்பலின் அடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் ஓர் ஓட்டுடலியே என்றால் பலர் நம்பமாட்டார். 1830-ஆம் ஆண்டு வரை அறிஞர்களும் அதைச் சிப்பியினம் என்றே எண்ணியிருந்தனர். ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர் அதன் இளம்பருவம் நீந்தித் திரிவதைக் கண்டு உண்மையை வெளியிட்டார். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் உணவை வாய்க்குள் தள்ளி வாழும் இவ்விசித்திரப் பிராணியை ஆராய்வதில் சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார்.

வெப்பக் கடலில் இத்தனை வகை ஏன்?

துருவத்தை அடுத்த குளிர்கடலிலும் துடுப்புக்காலிகள் கோடி கோடியாக உள்ளன. ஆனால் அங்கே ஒரு சில இனங்களே கடலை ஆள்கின்றன. அவை உருவிற் பெரியவை. குறுகிய கோடையில் வயிறார உண்டு, கொழுப்பை உடலில் சேமித்து, நீண்ட குளிர்காலத்தை ஆழத்தில் உறங்கிக் கழிப்பவை. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காண்பதே அங்கு இயல்பு.

நம் கடலில் கதை வேறு. ஆண்டு முழுதும் நீர் வெதுவெதுப்பாயிருக்கிறது. உணவு கூடியும் குறைந்தும் வருமேயன்றி அற்றுப்போவதில்லை. ஆதலால் சேமிப்பு வேண்டுவதில்லை. உடல் சிறிது, ஆயுள் சிறிது, தலைமுறைகள் மிகுதி. உள்ள உணவைப் பல இனங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று சிறு பாசியை உண்டால் மற்றொன்று பெரிய பாசியை உண்கிறது. ஒன்று மேல்நீரிலும் ஒன்று அடிநீரிலும் வாழ்கிறது. பகலில் ஆழத்தில் பதுங்கியிருந்து இரவில் மேலே வந்து மேய்பவையும் பல. அலையாத்திக் காடு, சேற்றுத்தரை, பவழப்பாறை, மணற்கரை என்று இடத்துக்கொரு கூட்டம் அமைகிறது.

பருவக்காற்றும் இதற்குத் துணை செய்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் கழிமுகத்தில் பாய்ந்து உப்பைக் குறைக்கும்போது, உப்புக் குறைவைத் தாங்கும் இனங்கள் பெருகுகின்றன. மழை ஓய்ந்து கடல்நீர் உட்புகுந்ததும் கடலினங்கள் திரும்பி வருகின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் இம்மாற்றத்தை ஐப்பசி, கார்த்திகையிலும், மும்பையை ஒட்டிய தாணே கழியில் ஆனி, ஆடியிலும் காணலாம். ஒரே இடம்; ஆனால் பருவத்துக்குப் பருவம் குடியிருப்போர் வேறு.

எண்ணிப் பெயரிட்டவர்கள்

இவ்வளவும் தாமாக நமக்குத் தெரிந்துவிடவில்லை. பொறுமையோடு ஒவ்வொன்றாக எடுத்து, கால்களையும் முட்களையும் எண்ணி, படம் வரைந்து, பெயரிட்டவர்களின் உழைப்பால் தெரிந்தவை இவை. 1902-இல் இலங்கையின் முத்துக்குளிக்கும் கடலை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சேகரித்த துடுப்புக்காலிகளை, தாம்சன், ஸ்காட் என்ற இருவர் ஆராய்ந்து 1903-இல் விரிவான அறிக்கை வெளியிட்டனர். இங்கே குறித்த தாம்சன், கொட்டலசை ஆராய்ந்த தாம்சனுக்குப் பிற்பட்ட வேறொருவர். அடுத்து, இந்திய மருத்துவப் பணியில் இருந்த சீமோர் சீவெல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணியாற்றி, பின்னர் 1925 முதல் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநரானார். இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகளைப் பற்றி 1929-இலும் 1932-இலும் அவர் வெளியிட்ட நூல்களை ஆராய்ச்சியாளர் இன்றும் புரட்டுகின்றனர். 1933–34-இல் ‘மபாஹிஸ்’ என்ற எகிப்தியக் கப்பலில் அரபிக்கடலை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர்.

1950-களில் சென்னைக் கரையின் துடுப்புக்காலிகளை எஸ். கிருஷ்ணசாமி ஆராய்ந்தார். 1947-இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலிருந்தும், 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் அமைத்த கடல் உயிரியல் மையமும் இப்பணியை வளர்த்தன. 1959 முதல் 1965 வரை பல நாடுகள் கூடி நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்குகொண்டன. ஒவ்வொரு கப்பலும் தனக்குத் தோன்றிய வலையை வீசினால் ஒன்றோடொன்றை ஒப்பிட இயலாது. ஆதலால் எல்லாரும் ஒரே அளவான வலையை, 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேல்மட்டம் வரை இழுப்பது என்று வகுத்துக்கொண்டனர். அங்ஙனம் சேர்ந்த புட்டிகள் கொச்சிக்கு அனுப்பப்பட்டன. அங்கே அமைக்கப்பட்ட உயிரியல் மையத்தில் நம் நாட்டு இளம் பட்டதாரிகள் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, உயிரினங்களை இனம் இனமாகப் பிரித்தெடுத்தனர். அம்மையம் 1966-இல் தோன்றிய தேசியக் கடலியல் நிறுவனத்தோடு இணைந்தது. எண்ணும் வேலையைச் சிறு வேலை என்று நினைப்பவர்கள், ஒரு கடலின் கணக்கே இங்ஙனம் எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவற்றை நம்பி எவை?

நுண்பாசியைப் பெரிய மீன் நேரே உண்ண இயலாது. உருவம் அவ்வளவு சிறியது. அதை உண்டு, மீன் விழுங்கத்தக்க கவளமாக்கித் தருபவை இச்சிற்றுயிர்களே. முட்டையிலிருந்து வெளிப்பட்ட மீன் குஞ்சுகளில் மிகப் பலவற்றுக்கு முதல் உணவு துடுப்புக்காலியின் நாப்பிளியஸ்தான். நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வளர்ந்த பின்னும் இவற்றை உண்கின்றன. இந்நகரின் பெயரையே தாங்கிய பாம்பே டக் என்னும் பொம்பில் மீனுக்குக் கூனியே முக்கிய இரை. கூனி வரத்துக் குறைந்தால் பொம்பிலும் மெலியும். நம் வீட்டுத் தட்டும் மெலியும்.

தாணே கழியின் சேற்றில் ஆண்டுதோறும் வந்திறங்கும் பூநாரைகளைக் காணக் குடும்பத்தோடு செல்வோர் பலர். அவ்விடம் 2015-இல் சரணாலயமாகவும், 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் பூநாரைகளில் சிறிய வகை பெரும்பாலும் நுண்பாசியை உண்பது. பெரிய வகை சிற்றோட்டுடலிகளையும் அரித்து உண்பது. அவற்றின் இறகிலுள்ள செம்மை உணவின் வழியே வந்தது. அதே குடும்பத்து நிறப்பொருள்தான் இறாலிலும் இருக்கிறது. பச்சை இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து கருநீலமாயிருக்கும். சட்டியில் சூடேறியதும் பிணைப்பு அறுந்து செம்மை வெளிப்படும். நம் அடுக்களையில் நாள்தோறும் நடக்கும் இவ்வித்தையின் வேர் கடற்பாசியில் இருக்கிறது.

இறால் பண்ணைத் தொழிலும் ஒரு சிற்றோட்டுடலியின் தோளில் நிற்பதே. உப்பளங்களில் வாழும் ஆர்டீமியா என்பதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரைக் காத்திருக்கும். உப்புநீரில் இட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். குஞ்சு இறால்களுக்கு ஏற்ற முதல் தீனி அது. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா வாழ்கிறது.

காற்றுக்கும் இவை தொண்டு செய்கின்றன. நுண்பாசிகள் காற்றிலிருந்து ஈர்த்த கரியைத் துடுப்புக்காலிகள் உண்டு, சிறு சிறு எச்சக் குளிகைகளாகக் கீழே விடுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி ஆழ்கடலில் அமிழ்ந்து நெடுங்காலம் அங்கேயே தங்கிவிடுகிறது.

வலையின் கண்

கூனி இரு கரைகளிலும் உண்டெனினும், மேற்குக் கரையின் வடபகுதியில் மட்டும் அது பெருந்தொழிலானது ஏன்? கடலின் ஏற்ற இறக்கமே அதற்கு முக்கிய காரணம். சென்னையில் ஓதத்தின் உயர்வு ஏறக்குறைய ஒரு மீட்டரே. மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமிக் காலங்களில் 4, 5 மீட்டர் வரை ஏறி இறங்கும். அவ்வளவு நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடியும்போது எழும் நீரோட்டத்தை எதிர்நோக்கி, கூம்பு வடிவமான பெரிய பை வலையைக் கட்டி நிறுத்துகின்றனர். அதற்கு டோல் வலை என்று பெயர். வலை மீனைத் துரத்துவதில்லை. ஓட்டமே கூனியைக் கொண்டுவந்து பையில் தள்ளுகிறது. வர்சோவா, வசாய், அர்னாளா முதலிய ஊர்களில் கோலியர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. பிடித்ததைப் பிரித்துக் காயவைத்து, கூடையில் சுமந்து விற்று, பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் அவ்வீட்டுப் பெண்கள். ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் கூனியை அளவோடு பிடிப்பது பாவமன்று.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கூனியைப் பிடிக்க வேண்டுமாயின் வலையின் கடைசிக் கண் மிகச் சிறிதாக இருக்கவேண்டும். சிறிய கண்ணுக்குக் கூனி இது, வவ்வால் மீனின் குஞ்சு இது என்று வேறுபாடு தெரியாது. கூனியைத் தேடி வந்த குஞ்சுகளும் கூனியோடு சேர்ந்தே அகப்படுகின்றன. ஓராண்டு கழித்துத் தட்டை நிறைக்கக்கூடிய வவ்வால், உள்ளங்கையளவில் சந்தைக்கு வருகிறது. அதனினும் சிறியவை கழிவாகப் போகின்றன. மீன் கிடைக்கவில்லையென்று வலைக் கண்ணை மேலும் நெருக்குவதும், நெருக்கியதால் மறு ஆண்டு மேலும் மீன் குறைவதும் ஒன்றையொன்று தொடரும் துன்பங்கள்.

கழியில் சேரும் சாக்கடையும் ஆலைக் கழிவும் மற்றொரு கேடு. அழுகும் கழிவு நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கிறது. அப்போது சிற்றுயிர்கள் யாவும் ஒருசேர மறைந்துவிடுவதில்லை. அழுக்கைத் தாங்கும் இரண்டொரு இனங்கள் மட்டும் பெருகி, மற்றவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. உருப்பெருக்கியில் பாராதவருக்கு நீர் நிறைய உயிர் இருப்பதாகவே தோன்றும். எத்தனை உயிர் என்பதோடு எத்தனை வகை என்பதையும் கேட்கவேண்டும். பல வகை இருந்தால், ஒன்று நலிந்த பருவத்தில் மற்றொன்று மீன் குஞ்சுக்குச் சோறிடும். ஒன்றே எஞ்சினால், அது தவறிய ஆண்டில் குஞ்சுகள் பட்டினிதான். இச்சிற்றுயிர்களின் பன்மை வெறும் காட்சிச் சாலைப் பெருமையன்று. மீனவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் அது ஒரு காப்பு.

நாம் செய்யக்கூடியவை

இதில் நம் போன்ற குடும்பங்களுக்கும் பங்குண்டு. உள்ளங்கையளவு வவ்வாலை மலிவென்று வாங்காதிருக்கலாம். வாங்குவோர் இல்லாவிடில் அதைப் பிடித்து வருவதில் ஊதியமில்லை. மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு மத்திய அரசின் விதிப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்த 61 நாட்களில் புது மீன் கேட்டு நெருக்காமல், முன்பே காயவைத்த கூனியையும் பொம்பிலையும் வாங்கினால் அதுவே மீனவப் பெண்களுக்கு உதவியாகும். தரையில் காயவைத்ததைவிட மேடையிலோ கயிற்றிலோ காயவைத்தது மண்ணின்றிச் சுத்தமாயிருக்கும். ஓட்டோடு உண்ணப்படுவதால் கூனியில் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. இறால் ஒவ்வாதவர்களுக்குக் கூனியும் ஒவ்வாது என்பதை மட்டும் மறத்தலாகாது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கடல் வடிந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் துணையோடு பாறைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். குட்டையில் தேங்கிய நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து, கருந்துணியின் முன் பிடித்து, பக்கத்திலிருந்து கைவிளக்கைக் காட்டினால், வெண்புள்ளிகள் துள்ளுவது தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் கொம்பும் வாலும்கூடப் புலப்படலாம். பார்த்த பின் நீரை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடவேண்டும். 2017-இல் தொடங்கப்பட்ட ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ என்ற குழுவினர் பொதுமக்களை இங்ஙனம் கரைக்கு அழைத்துச் சென்று, இந்நகரின் கடலோரத்தில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று காட்டியிருக்கின்றனர். நம் சங்கத்து இளைஞரும் அத்தகைய நடைகளில் கலந்துகொள்வது நன்று.

இன்னொரு சிறு வேண்டுகோள். சென்னாக்கூனி என்பது ஒரு வட்டாரத்துப் பெயர். இராமநாதபுரத்திலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் பிறந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். கூனிக்கும், கரையில் தத்தும் பூச்சிக்கும், படகில் ஒட்டும் கொட்டலசுக்கும் அவரவர் ஊரில் வழங்கிய பெயர்களை வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதியனுப்புமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அறிஞர் வைத்த பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. நம் பாட்டிமார் வைத்த பெயர்களோ அவர்கள் நாவில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது.